மூன்று கட்டத்தில் ஒரு வாத்து

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் கேட் கிளார்க். லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்கும். நான் பழைய கேட் பாஸின் பின்பக்கம் கட்டம் போட்டுக்கொண்டிருப்பேன். ராயபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒருவர், வாரம் ஒரு இலவசப் பேப்பரும் நடத்துகிறார். அதில் நாலு வருஷமாகக் குறுக்கெழுத்துப் புதிர் என்னுடையது. சம்பளம் கிடையாது, பெயரும் வராது. ஆனாலும் எனக்கென்று இந்த ஊரில் இருப்பது அந்த உள்ளங்கை அகல இடம்தான். அதைப் பறிகொடுக்க எனக்கு மனசில்லை.

என் பலவீனம் வாத்து. மேல் மூலையில் மூன்று கட்டம் காலியாக நின்றால் கை தானாக வாத்தை எழுதிவிடும். ‘வா’வைப் பிடித்து வானம், ‘து’வைப் பிடித்துத் துறைமுகம் என்று கீழே இறங்கிவிடலாம், இவ்வளவு ஒத்தாசையான பிராணி வேறு கிடையாது. குறிப்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பேன். ‘வாழ்த்தில் ழகரத்தைத் தொலைத்தால் நீந்தும்.’ ‘ரன் எடுக்காதவருக்கு வெள்ளைக்காரன் கொடுக்கும் பறவை.’ சரக்கு தீர்ந்த வாரத்தில், ‘இது கோழி அல்ல.’

அச்சகக்காரர் ஒருநாள் போன் செய்தார்.

“இன்னா சார், வாரா வாரம் வாத்து? இது பேப்பரா, பண்ணையா? இன்னொரு தபா வந்துச்சு, அந்த எடத்துல தண்ணி கேன் விளம்பரம் போட்டுட்டுப் பூடுவேன்.”

சுருக்கென்றது. ரோஷத்தோடு மண்டையை உடைத்துக்கொண்டு வாத்தே இல்லாத புதிர் ஒன்று செய்தேன். வழக்கமான மூலையில் நண்டு. ‘பக்கவாட்டில் நடந்தே கரை சேரும்.’ நானே எழுதி நானே மெச்சிக்கொண்டேன்.

எனக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்து டீக்கடைகளில் அந்த மூலைக்கு யாரும் குறிப்பே படிப்பதில்லை. பேப்பரைப் பிரித்ததும் பேனாவால் வாத்து எழுதிவிட வேண்டியது, அப்புறம்தான் டீ. அந்த வாரமும் அப்படியே எழுதினார்கள். நண்டின் ‘ந’வைப் பிடித்துக் கீழே இறங்க வேண்டிய ‘நகரம்’, ‘வாகரம்’ ஆனது. அச்சகத்துக்குப் போன் மேல் போன்.

“வாகரம்னா இன்னாய்யா? தப்புத் தப்பா போட்டுகினு கீறீங்க!”

உடனே வரச்சொல்லி எனக்கு ஆள் வந்தது. தண்ணி கேன்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு போனேன். உள்ளே, பேப்பரை மடியில் விரித்தபடி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவராம்.

“புதிர் போடறது நீதானா நைனா?” என்றார். “நாலு வருசமா உக்காந்து ரொப்பறேன். எனக்குக் கரீட்டா வர்றது அந்த ஒண்ணுதான். அதையும் புடுங்கிக்கினா நா இன்னா பண்ணுவேன்?”

என் வாசகர் ஒருவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சிரிப்பு வந்தது.

அச்சகக்காரர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

“இங்கியே குந்திகினு அடுத்த வாரத்துது எழுது சார். அவரு பாத்துட்டுத்தான் வூட்டுக்குப் போவாராம்.”