அம்மாவும் நீ, ஆபீஸும் நீ

எங்கள் பள்ளி அலுவலக உதவியாளருக்குப் பிள்ளைகளின் பெற்றோர் வைத்த பட்டப்பெயர் போன் அக்கா. காலையில் வராத பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் போன் போட்டுக் காரணம் கேட்பது அவர் வேலை. தகுந்த காரணம் என்றால் விடுப்பு, இல்லையென்றால் ஆப்சென்ட். ஆப்சென்ட் கூடினால் பரீட்சை எழுத முடியாது. அதனால் பெற்றோர் திட்டுவார்கள், கெஞ்சுவார்கள், கதை அளப்பார்கள். ஒரே மாமா ஒரே வருடத்தில் இரண்டு முறை செத்ததுண்டு. அப்போதும் அக்கா குரல் உயர்ந்து பக்கத்து மேஜையில் இருந்த நான் கேட்டதில்லை.

ஒருநாள் எட்டாம் வகுப்பிலிருந்து வந்த, வராதவர் பெயர்ச் சீட்டில் அவர் மகளின் பெயரே இருந்தது. காலையில் அவரோடு ஒரே பஸ்ஸில் வந்து, பள்ளி வாசலில் கையசைத்துப் பிரிந்த பெண்! அக்கா உடனே தன் சைக்கிள் கடையில் இருந்த கணவருக்குப் போன் போட்டார்; அவர் குரல் எனக்கும் கேட்டது.

"பதறாத. இங்கதான் இருக்கா, டயர் அடுக்குக்குப் பின்னால உக்காந்து அழறா."

"என்னவாம்?"

"வகுப்புல எல்லார் முன்னாடியும் பேசணுமாம். திக்கினா சிரிப்பாங்களாம். வயித்து வலின்னு போட்டுக்கோ."

"வயிறு வலிக்குதா அவளுக்கு?"

"அடியே, அம்மாவும் நீ, ஆபீஸும் நீ. யாரு கேக்கப் போறா?"

"நாளைக்கு மத்தவங்களை நான் எந்த வாயால கேக்கறது?"

ஆப்சென்ட் என்றே எழுதினார். விஷயம் தெரிந்து தலைமையாசிரியரே இறங்கி வந்தார்.

"பயமும் ஒரு காரணந்தானேம்மா. விடுப்புன்னு மாத்திடுங்க."

"எம் பொண்ணுக்கு மட்டும்னா வேணாம் சார். எல்லாப் பிள்ளைக்கும்னா சொல்லுங்க."

தலைமையாசிரியர் சரியென்று தலையசைத்தார். பிள்ளை பயந்து வரவில்லை என்று பெற்றோர் மறைக்காமல் சொன்னால் விடுப்பு, வகுப்பாசிரியர் பேசிச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த வாரமே அறிவிப்பு வந்தது. அக்கா மகளின் ஆப்சென்ட் மட்டும் அப்படியே நின்றது. அறிவிப்புக்கு முன்பு போன நாளுக்கு விதி பொருந்தாது என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

வகுப்பாசிரியை அந்தப் பெண்ணை முதலில் மூன்று தோழிகள் முன்னால் பேசவைத்தார். அடுத்த வாரம் வகுப்பு முழுவதற்கும். முடிந்ததும் அவள் நேரே அலுவலகத்துக்கு ஓடிவந்தாள்.

"ரெண்டு பேர் சிரிச்சாங்கம்மா. நான் நிறுத்தல."

அக்கா, மகளின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு, "மணி அடிச்சாச்சு, ஓடு" என்றார்.