அப்பன் தெரியாத ஆடுகள்

அன்று பட்டியில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. இரண்டாம் வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் என் மகள். அவளோடு படிக்கும் வல்லத்துப் பெண், மடியில் லேப்டாப்போடு. இன்னொரு தோழி, செஞ்சி டவுன்காரி, துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு. அப்புறம் முப்பத்தெட்டு ஆடுகள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆடுகளை மலையடிவாரத்துக்கு ஓட்டுகிற நேரம். மகள் படலைத் திறக்க விடவில்லை.

டேட்டாபேஸ் என்று அவளுக்கு ஒரு பாடம். விவரங்களைக் கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டருக்குள் வைத்து, வேண்டும்போது கேட்டு எடுக்கிற வேலை. காலேஜில் வைத்த இரண்டு டெஸ்ட்டிலும் அவள் பெயில். மிச்சம் இருந்தது செய்முறைத் தேர்வு. மூன்று பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். கேள்வி மட்டும் தனித்தனியாகக் கேட்பார்கள்.

"இதுவும் போச்சுன்னா நின்னுடறேன் நைனா" என்று சொல்லியிருந்தாள். எங்கள் தெருவுக்கு விடியக்காலை, வேலைக்கு ஆள் ஏற்றிப் போக செருப்புக் கம்பெனி வண்டி வரும். அதில் இடம் இருக்கிறதா என்று கேட்டும் வைத்திருந்தாள்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. வரச் சொல்லவும் ஆள் இல்லை. நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை.

மற்ற பிள்ளைகள் நூலகம், ஆஸ்பத்திரி என்று போனில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தார்களாம். பாடம் எடுக்கும் மேடம் வாங்கவில்லை. "உங்க வீட்ல என்ன இருக்குதோ அதைச் செஞ்சு கொண்டாங்க" என்று திருப்பிவிட்டார். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. அவருக்கு நன்றி.

எங்கள் வீட்டில் இருப்பது ஆடு.

"ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு அடையாளம் சொல்லு நைனா" என்றாள் மகள்.

"அது செவலை."

"அதுவும் செவலைதான?"

"அது அதோட பொண்ணு."

வல்லத்துப் பெண் சிரித்தாள். "மெஷினுக்கு அது தெரியாதுப்பா. நம்பர் வேணும்."

காதில் கால்நடை ஆஸ்பத்திரியில் போட்ட மஞ்சள் நம்பர் வில்லை இருந்தது. பாதி ஆடுகளுக்கு அது முள்ளில் மாட்டி விழுந்துவிட்டது. அதனால் பெண்களே ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை நம்பர் போட்டார்கள். டவுன்காரி மூக்கை விட்டுவிட்டு, சாக்பீஸை எடுத்து ஆடுகளின் கொம்பில் எழுதினாள். ஒரு கிழட்டு ஆடு அவள் துப்பட்டாவைத் தின்ன ஆரம்பித்தது. "ஏய், இது எங்க அக்காளோடது!" என்று கத்தினாள். என் மனைவி ஓடிப்போய் வாயிலிருந்து பிடுங்கினாள்.

நிறம் சொன்னேன். வயசு சொன்னேன். எது யார் வயிற்றில் பிறந்தது என்று சொன்னேன். நான் ஆட்டை எண்ணுவது கிடையாது. சாயங்காலம் தாயோடு குட்டி சேர்ந்ததா என்று மட்டும் பார்ப்பேன். அதனால் அதில் தடங்கல் இல்லை. வல்லத்துப் பெண் தட்டிக்கொண்டே வந்தாள்.

அடுத்த கட்டம், அப்பன்.

எங்களிடம் ஒரு கடா உண்டு. பட்டிக்குள்ளேயே சேர்ந்தது என்றால் அதுதான். ஆனால் மேய்ச்சலில் நாலு பேர் ஆடு கலக்கும். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கடா ஒன்று வேறு ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொன்னேன். மற்றதற்குத் தெரியாது என்றேன்.

மகள் முகம் சுருங்கிவிட்டது. "இத்தினி காலியா இருந்தா மார்க்கு போயிடும். எல்லாத்துக்கும் நம்ம கடா நம்பரையே போட்டுடறேன்."

"போடாத."

"யாருக்கு நைனா தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

என் மனைவி குறுக்கே வந்தாள். "புள்ள பாஸாவணும்யா. ஆட்டுக்கு இன்னா மானமா போவுது?"

மகள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபமாகத்தான் நின்றாள்.

டவுன்காரி நடுவில் புகுந்தாள். "சரிடி, பூஜ்யம்னு போட்டுக்கலாம்."

"பூஜ்யம் நம்பர் ஆடு இன்னா கலரு?" என்று கேட்டேன்.

இருந்தாலும் வல்லத்துப் பெண் பூஜ்யத்தைத் தட்டினாள். லேப்டாப் ஏற்கவில்லை. அப்பன் என்று எந்த நம்பரைச் சொன்னாலும் அது பட்டியலில் இருக்கிற ஆடாக இருக்க வேண்டும் என்று அவர்களே முன்னால் சொல்லி வைத்திருந்தார்களாம். பூஜ்யம் நம்பரில் ஆடு இல்லை.

"அடியே, மெஷினும் உங்க நைனா மாதிரியே கேக்குதுடி" என்றாள் வல்லத்துப் பெண். மூன்று பேரும் சிரித்தார்கள். மகளும்தான். காலியாகவே விட்டார்கள்.

போகும்போது ஆளுக்கு ஒரு படி வேர்க்கடலை கொடுத்தேன். எனக்குத் தெரிந்த நன்றி அதுதான். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகள். அரை நாள் புழுக்கையில் உட்கார்ந்து போனார்கள்.

தேர்வு அன்று மகளை மொபெட்டில் கொண்டுபோய் விட்டேன். காலேஜ் வாசலில் புங்கமரத்தடியில் நின்றேன். ஆடுகளை மனைவி ஓட்டிப் போயிருந்தாள். எதிரே செஞ்சிக் கோட்டை பார்க்க வந்த கார்கள் போய்க்கொண்டிருந்தன. மத்தியானம் அவள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த விஷயத்தில் அவள் என்னைப் போல.

வெளியூரிலிருந்து தேர்வு எடுக்க வந்த சார் முதலில் கேட்டது அதைத்தானாம். "ஏம்மா இத்தனை காலியா விட்டிருக்க?"

"தெரியாது சார். பூஜ்யம் வேற, தெரியாதது வேற."

"யார் சொன்னது?"

"ஆட்டுக்காரர் சார்."

அவர் சிரிக்கவில்லையாம். "சரி, அப்பன் தெரியாத ஆடு எத்தனைன்னு மெஷின்கிட்ட கேட்டுச் சொல்லு" என்றாராம். இவள் தட்டினாள். பூஜ்யம் என்று வந்தது.

அந்த இடத்தில் நின்றுவிட்டதாகச் சொன்னாள். கம்பெனி வண்டி ஞாபகம் வந்ததாம். அந்தப் பூஜ்யத்தையே பதிலாகக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைகள் நிறையவாம். இவள் கொடுக்கவில்லை.

"தப்பா வருது சார். எங்க பட்டியில அந்த மாதிரி ஆடு இருக்குது. நான் பார்த்திருக்கேன்."

"அப்ப சரி பண்ணு."

காலி என்பதற்குச் சமமாக எது இருக்கிறது என்று கேட்டிருந்தாளாம். தெரியாததற்குச் சமமாக ஒன்றும் கிடையாது. எது காலியாக இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். மாற்றித் தட்டினாள். எண் வந்தது. சார் தாளில் கையெழுத்துப் போட்டார்.

"பாஸா?"

"பாஸ்தான் நைனா. மேடம் பின்னால நின்னு கட்டவிரலத் தூக்கிக் காட்டுனாங்க."

"எத்தினின்னு வந்துது?"

"நீயே எண்ணிப் பாரேன்" என்று மொபெட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சிங்கவரம் ரோட்டில் திரும்பும்போது, "வண்டிக்காரன்கிட்ட வரலன்னு சொல்லிடு நைனா" என்றாள்.

சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் ஆடுகள் திரும்பின. படலை ஒரு ஆடு நுழையும் அளவுக்குத் திறந்து பிடித்துக்கொண்டேன். அப்பன் தெரிந்ததை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எண்ணினேன்.

இருபத்தொன்று.