செக்போஸ்ட்டில் காய்ச்சல் பார்த்தவர்

கொரோனா சமயத்தில் போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகளை மலையடிவார செக்போஸ்ட்டில் நிறுத்தி, நெற்றியில் மிஷினை நீட்டி ஒருவர் காய்ச்சல் பார்ப்பார். மாஸ்க்குக்கு மேலே அவர் மூக்கு எப்போதும் வெளியே இருக்கும். மிஷின் கூடுதலாகக் காட்டினால், குழாயடியில் முகம் கழுவிவரச் சொல்லி மறுபடி பார்ப்பார்.

ஒருநாள் எங்களோடு வந்த அக்காவுக்கு உடம்பு கொதித்தது. முகம் கழுவி வந்தாள். மிஷின் சரி என்றது.

"மூஞ்சி கழுவுனா நோய் போயிருமாண்ணே?" என்று கேட்டேன்.

"காய்ச்சல்னு எழுதுனா ஜீப்பையே திருப்பணும் மாப்ளே. ஒருத்தருக்கும் இன்னைக்குச் சோலி கெடையாது. எழுதவா?"

நான் நகர்ந்து அக்காவுக்கு இடம் விட்டேன். மடிமேல் மடியாக உட்கார்ந்து மலையேறினோம்.

அடுத்த வாரம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அக்காவோ, அவரைப் போல ஒரு மகராசன் உண்டா என்கிறாள்.