ஒன்பது நொடிக் கருப்பு

அப்பாவை வெட்டி எறிந்தது அத்தான்தான். பதினோரு வருடமாக லைட்மேனின் நெஞ்சில் இது முள்ளாகக் கிடந்தது. அக்கா வீட்டுக்குப் போனாலும் அக்காவோடு மட்டும் பேசிவிட்டு வந்துவிடுவான்.

அத்தான் எடிட்டிங் அறையில் கணக்குப் பார்ப்பவர். ஒவ்வொரு காட்சியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எக்செல்லில் வரிவரியாக அடித்து, படத்தின் மொத்த நீளத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம். ஆபீஸில் அவர் பெயரே ‘இருபத்தஞ்சு’. “அவருகிட்ட மணி கேட்டுடாதீங்க, ஃபிரேமோட சொல்வாரு” என்பாள் அக்கா.

லிஃப்ட் ஓட்டுபவர்களைப் பற்றி ஒரு படம் எடுத்தார்கள். லிஃப்ட்காரரான அப்பாவையும் அதில் எடுத்தார்கள். அவருக்கு விளக்குப் பிடித்தவன் மகன் லைட்மேன்தான். கம்பிக் கதவை இழுத்துத் திறந்து, “பார்த்து இறங்குங்க” என்று சிரிப்பார். ஒன்பது நொடி.

டிவியில் போட்ட அன்று அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். படம் முடிந்தது, அவர் வரவில்லை. பெயர்கள் ஓடி முடிந்து திரை கருப்பாகக் கிடந்தபோதும் எழுந்திருக்கவில்லை. “இனிமே வருமோ?” என்றார். மறு வருடம் போய்ச் சேர்ந்தார்.

விசாரித்தால், டிவியில் படத்துக்கு ஒதுக்கியது இருபத்தாறு நிமிடம்; அதைத் தாண்டக் கூடாதாம். அத்தான் கணக்கில் ஒன்பது நொடி கூடுதலாம். “எங்க மாமனாரோடதை எடுத்துடுங்க. வீட்டு ஆளைக் காப்பாத்தினேன்னு பேச்சு வேணாம்” என்று சொன்னவரும் அவரே.

இப்போது அத்தானுக்கு நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாய். படத்தை மறுபடி போடப் போவதால், சரிபார்க்கச் சொல்லிப் பழைய எக்செல்லை அவருக்கே அனுப்பியிருந்தார்கள். அக்கா போனில் அழுததால் லைட்மேன் போனான்.

“வா மச்சான். திட்டுறதைக் கடைசில திட்டு. முதல்ல இதைப் பாரு.”

லேப்டாப்பைத் திருப்பினார்.

“முடிவுன்னு குறிக்கிறோமே, அந்த ஃபிரேம் அடுத்த காட்சியோடது. நான் அதையும் சேர்த்து எண்ணிட்டேன். வரிக்கு ஒண்ணு.”

“எத்தனை வரி?”

“மாமாவோடதையும் சேர்த்து எரநூத்தி இருபத்தஞ்சு.”

லைட்மேன் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருபத்தஞ்சு இருபத்தஞ்சாக விரல் விட்டு எண்ணினான். ஒன்பதாவது விரலில் வந்து நின்றது.

“மாமா இருந்திருந்தா சரியா இருபத்தாறு நிமிஷம். கடைசில கருப்பா கிடந்துச்சே, அது அவரோட இடம்.”

சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் வாய்வரை வந்தது. அவர் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்தான்.

“உங்களுக்கு இருபத்தஞ்சுன்னா பேரு வச்சாங்க? அதுலயும் ஒண்ணு கூட்டி இருபத்தாறுன்னு வச்சிருக்கணும்.”

அத்தான் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அக்கா ஓடிவந்து முதுகைத் தடவினாள். மூச்சு திரும்பியதும் லேப்டாப்பை அவன் மடியில் தள்ளினார். அவர் கடைசியாகச் செய்யச் சொன்னது இதுதான்:

“நூத்தி நாப்பதாவது வரிக்குக் கீழ ஒரு வரி சேர்த்துடு. மாமா அங்கதான் இருந்தாரு. என் கையால எடுத்தேன். உன் கையால வை.”