முழங்கால் உயரத்துக் குழி

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டிய ஒற்றையறைகளில் ஒன்றான எங்கள் காம்பராவில், கதவுக்குப் பின்னால், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், சுவரில் ஒரு குழி இருந்தது. ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் அதற்குள் கச்சிதமாகப் பொருந்தும். அண்ணனின் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நகத்தால் சுரண்டி, சுரண்டியதை நாக்கில் வைத்துச் சப்பியே உண்டாக்கிய குழி அது. மூத்தவள் தொடங்கி வைத்தாள். அவள் வளர்ந்து விட்டுவிட்டபோது அடுத்தவன் தவழ்ந்து வந்து அதே இடத்தைப் பிடித்துக்கொண்டான். சுண்ணாம்புச் சுவரில் அப்படி என்ன ருசியோ! நான் அடைப்பேன், அவர்கள் தோண்டுவார்கள். தலவாக்கலையிலிருந்து அட்டன் வரைக்கும் என் கை படாத கட்டடத்தை இன்றைக்குத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சும்மா சொல்லவில்லை, போய்ப் பார்க்கலாம். ஆற்று வெள்ளத்துக்கு அசையாத சுவர்களைக் கட்டியவன் நான். என்னைத் தோற்கடித்த சுவர் ஒன்று உண்டென்றால் அது அந்தக் காம்பராச் சுவர்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு அண்ணன் வீட்டில்தான் வளர்ந்தேன். வீடு என்றால் ஒற்றை அறை, அதற்கு முன்னால் திண்ணை மாதிரி ஒரு சின்ன இஸ்தோப்பு. உள்ளே அண்ணனும் மதினியும் ஐந்து பிள்ளைகளும், வெளியே இஸ்தோப்பில் சாக்கு விரித்து நான். அண்ணனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் தூங்குவார், எழுந்தால் போய்விடுவார். நான் தோட்டத்து மேசனிடம் சாந்து குழைத்து, பார்த்துப் பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டவன். எவரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. என் கண்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.

மதினி நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். நாள் முழுதும் மலையில் கொழுந்து எடுத்துவிட்டு, மழையில் ஊறிய படங்குச் சாக்கு இடுப்பில் கனக்க, சாயங்காலம் வந்து வாசலில் நிற்பார். உடனே உள்ளே நுழைய மாட்டார். கூடையைக்கூட இறக்காமல் கண்ணாலேயே வீட்டை ஒரு சுற்று சுற்றி வருவார். காலையில் சாணி போட்டு மெழுகிய தரையில் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றிச் சறுக்கி விளையாடியிருப்பார்கள். அடுப்புக்கரி சுவரெல்லாம் ரயிலாக ஓடியிருக்கும். கதவில் தொங்கி ஊஞ்சலாடியதில் மேல் கீல் கழன்று, கதவு நொண்டியாகச் சாய்ந்து நிற்கும். பாத்திரம் அடுக்கும் மூங்கில் தட்டின் ஒரு காலை யாரோ குதிரையாக்கிக் கொண்டுபோயிருப்பார்கள். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, பெருமூச்சு என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு சின்னச் சத்தம் அவர் மூக்கிலிருந்து வரும். பிறகு கூடையை இறக்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்குவார்.

பிள்ளைகளை அவர் அடித்து நான் பார்த்ததில்லை. அடிக்கக்கூடத் தெம்பு இருந்திருக்காது. “மலைக்குப் போனா தேயிலை மறுபடி துளிர்க்குது, வீட்டுக்கு வந்தா குப்பை மறுபடி துளிர்க்குது. ரெண்டுக்கும் நானே ஆளு” என்பார். அதைச் சொல்லும்போது கை மட்டும் நிற்காது. அவர் தரையை மெழுக, நான் கீலுக்கு ஆணி அடிப்பேன், குழியை அடைப்பேன். மறுநாள் திரும்பவும் அதே தரை, அதே கீல், அதே குழி. இந்த வயதில் அந்தச் சாயங்காலங்களை நினைத்தாலே என் முதுகு வலிக்கிறது.

இதில் பெரிய கவலை சின்னவன். கடைசிப் பிள்ளை, அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். அவனுக்கு இழுப்பு. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் மிலாறுக் குச்சிதான் எங்களுக்கு விறகு. மழைக்காலத்தில் அது எரியாது, புகையும். ஒற்றை அறையில் அந்தப் புகை கூரைத் தகரத்தில் முட்டித் திரும்பி வந்து, படுத்திருக்கும் பிள்ளையின் நெஞ்சில்தான் இறங்கும். அவன் மூச்சு இழுக்கும் சத்தம் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும். தோட்டத்து மருந்தய்யா ஒரு தண்ணி மருந்து கொடுத்து, “பொகை ஆகாது” என்றார். புகை இல்லாமல் எப்படிச் சோறு ஆக்குவது என்று அவர் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் தோட்டத்தில் புது வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். இரண்டிரண்டாக ஒட்டிய வீடுகள். படுக்க ஓர் அறை, சமைக்கத் தனியாகக் குசினி, குசினிக்குப் புகைக்கூண்டு. அந்தப் புகைக்கூண்டுகளைக் கட்டியது நான்தான். முதல் தடவை தீ மூட்டிப் பார்த்த நாளில் மதினி மலையிலிருந்து இறங்கும் வழியில் அங்கே வந்து நின்றார்.

“பொகை எங்க தம்பி போகுது?”

“மேல போயிருது மதினி. உள்ள ஒரு இழை நிக்காது. நான் கட்டுனதாச்சே!”

“பெரும இருக்கட்டும். நெசமாவே நிக்காதா?”

“நீங்களே உள்ள போயி நின்னு பாருங்க.”

போய் நின்றார். வெகுநேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டபடி நின்றார். வெளியே வந்து கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார். அன்றைக்கே அந்த வீட்டுக்கு மனதால் குடிபோய்விட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கொஞ்ச நாளில், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சத்தம் போட்டுச் சொன்னார்: “புது வீட்டுக்கு ஆள் பார்க்கத் துரை லயத்துக்கு வர்றாரு.” அவ்வளவுதான் சொன்னார். தோட்டத்தையே ஆளும் துரை லயத்துக்கு வருகிறார் என்றால் எங்கள் சனங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்: கழுவு, மெழுகு, வெள்ளையடி. சாக்கடைக் கானில் ஓர் இலை கிடந்தாலும் ஏச்சு விழும் என்று பழகிய சனம். லயமே விளக்குமாறும் கையுமாக அலைந்தது. மதினி என்னைச் சுண்ணாம்புக்கு விரட்டினார். தலவாக்கலையில் கடை வைத்திருந்த நானாவுக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

“என்ன மேசன், தோட்டத்துக்கே வெள்ளையடிக்கப் போறீங்களா?”

“ஒரு காம்பராவுக்குத்தான் நானா.”

“ஒரு காம்பராவுக்கு இவ்வளவா? உள்ள யாரு, ராசாவா குடியிருக்காரு?”

“எங்க மதினி.”

“அப்ப இன்னும் கொஞ்சம் கொண்டு போங்க” என்று சிரித்துக்கொண்டே அள்ளிப் போட்டார்.

நான் வேலை செய்தேன் பாருங்கள், அப்படி ஒரு வேலை! கரி பிடித்த சுவரைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசினேன். குழியைக் கல் வைத்து அடைத்து மட்டப்பலகையால் தேய்த்ததில் அது இருந்த இடமே தெரியவில்லை. தகரத்து ஓட்டைகளுக்குத் தார் வைத்தேன். கதவைக் கழற்றிச் சீவி, புதுக் கீல் போட்டேன். ஒற்றை விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் மூடும். மதினி தரையை மெழுகி, அது காய்ந்த பிறகு திரும்பவும் மெழுகினார். பிள்ளைகள் இருந்தால் எதுவும் நிலைக்காது என்று ஐந்து பேரையும் முதல்நாளே கீழ் லயத்தில் இருந்த அவருடைய தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிள்ளைகள் இல்லாத அந்த வெள்ளை அறையின் நடுவில் அவர் உட்காரவும் பயந்து நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. “இப்பிடி ஒரு நாள் இருந்தா போதும் தம்பி. தூங்கிருவேன்” என்றார்.

துரை வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே குனிந்து பார்த்தார். சுவரைத் தடவினார், கதவைத் திறந்து மூடினார், தலையை ஆட்டினார். இங்கிலீசில் ஏதோ சொன்னதைக் கண்டாக்கையா தமிழில் சொன்னார்: “இந்தக் காம்பரா நல்லாத்தானே இருக்கு. இவங்களுக்கு எதுக்குப் புது வீடு?” அந்த வீடு லயத்தின் கோடியில் சுவர் விழுந்து கிடந்த குடும்பத்துக்குப் போனது. துரை போகும்போது திரும்பி, இந்த வேலை செய்தது யார் என்று கேட்டார். அடுத்த வாரம் நான் துரையின் பங்களாவில் மேசன். அங்கிருந்துதான் எனக்கு ஏறுமுகம். பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்களெல்லாம் என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். என் வாழ்க்கைக்கு அத்திவாரம் அந்தக் காம்பராச் சுவரில் போட்டதுதான். மதினிக்கு வீடு போனதும் அதே சுவரால்தான்.

அவர் அழவில்லை. பிள்ளைகளைக் கூட்டி வந்து வாசலில் விட்டு, “போங்கடா, ஒங்க வீடு” என்றார். ஒரு வாரத்தில் கீல் கழன்றது. நான் சுத்தியலை எடுத்தேன். “தொடாத தம்பி” என்றார். குழி மறுபடி விழுந்தபோதும் அதையே சொன்னார். “அடுத்த தரம் துரை வரும்போது எப்பிடி இருக்கோ அப்பிடியே பாக்கட்டும்.”

அந்த வருஷம் அவருக்கு மெழுகிய வருஷங்களைவிடக் கடினமாக இருந்தது. மலையிலிருந்து வந்து, பெயர்ந்த தரையில் சும்மா உட்கார்ந்திருப்பார். விரல்கள் மட்டும் மடியில் எதையோ வழித்துக்கொண்டே இருக்கும். தீபாவளிக்குத் தோட்டத்தில் கொடுத்த சுண்ணாம்பைக்கூட அவர் வாங்கப் போகவில்லை. “என்னடி, பன்னிக்கூட்டுல குடியிருக்கியா?” என்று பக்கத்துக் காம்பராக்காரி வாசலில் நின்று சிரித்தாள். “ஆமாக்கா, வாங்க, எடம் இருக்கு” என்றார் மதினி. சொல்லிவிட்டு உள்ளே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மழைக்காலம் வந்தது. சின்னவனின் இழுப்பும் வந்தது. அடுப்பு மூட்டும் நேரமெல்லாம் அவனைச் சாக்கில் சுற்றி என் மடியில் போட்டு இஸ்தோப்பில் உட்கார வைப்பார். உள்ளே புகை, வெளியே சாரல். “எது நல்லது தம்பி?” என்று என்னைக் கேட்பார். நான் சின்னவனை இழுத்து அணைத்துக்கொண்டு, சாரல் படாத பக்கமாகத் திரும்பி உட்காருவேன்.

அடுத்த வரிசை வீடுகள் முடிந்தபோது துரை மறுபடி வந்தார். உள்ளே பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அவர் சொன்னதைக் கண்டாக்கையா என்னைப் பார்த்துச் சொன்னார்: “பங்களாவுல பட்டு மாதிரி பூசுற. ஒங்க அண்ணன் ஊட்டப் பாருடா. வெக்கமா இல்ல?” லயத்துச் சனமே பார்த்துக்கொண்டு நின்றது. என் கையை மற்றவர்கள் குறை சொல்லி நான் பொறுத்தது அன்றைக்கு ஒரு நாள்தான். வாயைத் திறக்கப் போனேன், மதினி முந்திக்கொண்டார். “இது புள்ளைங்க இருக்கிற வீடுங்க தொர” என்று சொல்லி, இடுப்பிலிருந்த சின்னவனைத் துரையின் பக்கமாகத் திருப்பினார். பையனின் நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. துரை அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு கண்டாக்கையாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்.

புது வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்று, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார் என்றுதான் நான் நினைத்தேன். அவரோ சாணியைக் கரைத்துக்கொண்டு நின்றார். “சாந்து கொழைங்க தம்பி” என்றார்.

“இன்னும் எதுக்கு மதினி? நாளைக்கு வேற குடும்பம் வரப் போகுது.”

“அதுக்குத்தான். வர்றவ என்னைய என்னான்னு நெனப்பா?”

ஒரு வருஷமாகக் கட்டிப்போட்டிருந்த கைகள் அன்றைக்கு அவிழ்ந்தன. கரியைத் தேய்த்தார், தரையை மெழுகினார், மூங்கில் தட்டைக் கழுவினார். நான் கீலை மாட்டிக் குழியை அடைத்தேன். முடியும்போது இருவருக்கும் நிமிர முடியவில்லை. நாங்கள் வாசலில் இறங்கும் நேரத்தில் புதுக் குடும்பம் வந்துவிட்டது, புருசன் பெண்சாதி இரண்டு பேரும் தலையில் மூட்டையோடு. அவர்களுடைய பிள்ளை நேராகக் கதவுக்குப் பின்னால் போனது. ஈரச் சாந்தில் விரலை விட்டது. எடுத்து நக்கியது. மதினி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். “வாரிசு வந்திருச்சு, வாங்க போவோம்” என்றார்.

புது வீட்டில் புகை நிற்கவில்லை, என் புகைக்கூண்டாயிற்றே. சின்னவனின் இழுப்பு மெல்ல மெல்ல அடங்கியது. இன்றைக்கு அவனே பேரன் எடுத்துவிட்டான். மலை ஏறும்போது நான் நின்று நின்று ஏறுகிறேன், அவன் நிற்பதில்லை. ஆனால் குடிபோன மாதமே அந்தச் சுவரிலும் முழங்கால் உயரத்தில் சுரண்டல் தொடங்கிவிட்டது. நான் சாந்துக் கரண்டியோடு போனேன். மதினி அதைத் தடவிப் பார்த்துச் சொன்னார்: “வீடுதான் தம்பி புதுசு. புள்ளைங்க பழசு.”

மதினி போய் நாளாகிறது. அட்டனில் நான் கட்டிய மாடிவீட்டை பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், அப்படியான வீடு. போன வாரம் பெயிண்ட் அடிக்க வந்த பையன் என்னைக் கூப்பிட்டு, கூடத்துக் கதவுக்குப் பின்னால் காட்டினான். பேத்தியின் குழந்தை கரண்டிக் காம்பால் சுவரைத் தோண்டி வைத்திருக்கிறது. “டைல்ஸ் ஒட்டிருவமா ஐயா? அப்புறம் ஒரு தொல்லையும் இல்ல” என்றான். நீ மற்றச் சுவர்களைப் பார் என்று அவனை அனுப்பிவிட்டு, சீமெந்து கொஞ்சம் குழைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வயதானாலும் கைவேலை சுத்தம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. தேய்த்து முடித்து நிமிர்ந்தால் குழந்தை பக்கத்தில் குந்தியிருந்தது. ஈரச் சுவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, விரலை நீட்டியது. “வாரிசு வந்திருச்சு” என்றேன். வாங்க போவோம் என்று சொல்லத்தான் யாருமில்லை. முழங்காலும் மடங்கியபடியே நின்றுவிட்டது. சாந்துக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அது தோண்டி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.