வடிக்காத சாயம்

நுணுக்குக்காட்டிக்கு மேல் குனிந்திருந்தபோதுதான் அந்த இருமல் வந்தது. கைக்குட்டையில் இளஞ்சிவப்பு. மற்றவர்களின் சளியில் கிருமி தேடுவதே ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் என் வேலை. அன்று என் சளியில் வேறொருவர் தேடினார்.

சயரோகம் (நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய்) என்றார் டொக்டர். ஊசி, கசக்கும் தூள் மருந்து, ஓய்வு. வார்டிலிருந்து பாலையூற்று வீட்டுக்கு வந்ததும், வீட்டுக் கோப்பைகளில் ஒன்றையும் ஒரு சாப்பாட்டுப் பீங்கானையும் ஒரு பாயையும் எனக்கென்று ஒதுக்கிக்கொண்டேன். ஒருவரும் ஒதுக்கச் சொல்லவில்லை.

எங்கள் சபையில் திருவிருந்தின்போது எல்லோரும் ஒரே பாத்திரத்தில்தான் திராட்சரசம் குடிப்போம். அந்த நேரம் வந்தால் கடைசி வாங்கிலிருந்து எழுந்து வெளியே போய்விடுவேன்.

மருந்து முடிந்தது. கிருமி இல்லை என்றே மீண்டும் மீண்டும் முடிவு வந்தது. நான் நம்பவில்லை. ஒரு கண்ணாடித் தகட்டில் நாம் பார்ப்பது கொஞ்ச இடம்தான். பார்க்காத மூலையில் ஒன்று கிடந்தால்? ஜெபத்திலும் இதையே கேட்டேன்: ஆண்டவரே, நிச்சயமாகக் காட்டும்.

வேலைக்குத் திரும்பியதும், ஒருவருக்கும் சொல்லாமல், என் சளியை நானே தகட்டில் தடவிச் சாயமிட்டுப் பார்த்தேன். நீலத்தின் நடுவே சிவப்புக் கோடுகள். சயரோகக் கிருமி அப்படித்தான் தெரியும். தகட்டோடு டொக்டரிடம் ஓடினேன்.

அவர் அதை நுணுக்குக்காட்டியில் ஆறுதலாகப் பார்த்தார். "சாயத்தை வடிச்சனீங்களோ?"

நான் வடிக்கவில்லை. சிவப்புச் சாயத்தை வடிதாளில் வடித்த பிறகே தகட்டில் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் சாயத் துணுக்குகள் கிருமிபோல ஒட்டிக்கொள்ளும். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

"இது கிருமியில்லைப் பிள்ளை, உங்கட பயம். இப்பிடிச் சாயம் போட்டா என்ர சளியிலயும் சயரோகம்தான்!"

என் சளியில் வேறொருவர் புதிதாகச் செய்த தகட்டில் ஒன்றுமில்லை.

"இனி உங்கட தகட்டை நீங்கள் பார்க்க ஏலாது. நாங்கள் பார்ப்பம். நம்புங்கோ."

"கோயில்ல எல்லாரோடயும் ஒரே பாத்திரத்தில குடிக்கலாமோ, டொக்டர்?"

"ஓம், குடியுங்கோ. உங்களால ஒருத்தருக்கும் தொத்தாது."

துறைமுக வீதியால் வீட்டுக்கு நடக்கும்போது, அந்த 'நம்புங்கோ' கூடவே வந்தது. இத்தனை மாதமும் கடவுளிடம் ஒரு பரிசோதனை முடிவைத்தான் கேட்டிருக்கிறேன். அவரே வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. நடந்தபடியே ஜெபித்தேன்: பயத்தோடுதான் வருகிறேன், சேர்த்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு முன்னே போனேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா சட்டென்று விலகி எனக்கு அடுத்த இடத்துக்கு வந்தார். எனக்குப் பிறகு அவர் குடிக்க வேண்டியிருக்கும்.

"அம்மா, முன்னுக்குப் போங்கோ."

"நீ கடிச்சுப்போட்டுத் தந்த மாங்காயெல்லாம் திண்டனான். அப்ப ஆரிட்டக் கேட்டனான்? கதையாமல் முழங்கால் போடு."

பாத்திரத்தின் விளிம்பு உதட்டில் குளிர்ந்தது. குடித்தேன். போதகர் விளிம்பைத் துடைத்து அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மாவின் தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதே நோயோடு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மருந்தை இடையில் விடாதீர்கள். முடிவை வேறொருவர் பார்க்கட்டும். பயம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். இருமினால் இன்றும் கைக்குட்டையைப் பார்க்கிறேன். முன்பு ஒவ்வொரு மூச்சையும் அடுத்த பரிசோதனைவரை எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது மூச்சு தன்பாட்டில் வந்துபோகிறது. பகல்கள் நீளமாக இருக்கின்றன.

நான் ஒதுக்கிய கோப்பை மற்றவற்றோடு கலந்துவிட்டது. எதுவென்று எனக்கே தெரியவில்லை.