மரக்காணம் தாண்டுமா இந்த வண்டி

மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் வரும்போதுதான் அந்த வாடை முதலில் வந்தது. அடுப்பில் எண்ணெய் சிந்திக் கருகினால் வருமே, அதே வாடை. பின்சீட்டில் என் மனைவி தலையணையை அணைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். புற்றுநோய்க்கு நான்காவது தடவையாக மருந்து ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கினேன். இஞ்சின் மேலெல்லாம் கறுப்பாக ஆயில் வழிந்து, சூடான புகைக்குழாயில் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. உச்சி வெயில். இரண்டு பக்கமும் உப்புக் குவியல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வண்டி இங்கே நின்றுபோனால் இவளை எங்கே உட்காரவைப்பது?

எப்படியோ உருட்டிக்கொண்டு புதுச்சேரி வந்து சேர்ந்தோம்.

வாடகைக் கார் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். முதல் தடவை அதில்தான் போனோம். திரும்பும்போது அவள் வாந்தியெடுத்தாள். ஓட்டுநர் முகம் சுளித்ததைக் கண்ணாடியில் இவள் பார்த்துவிட்டாள். இனி அடுத்தவர் வண்டியில் ஏறமாட்டேன் என்றாள், ஏறவில்லை. பஸ்ஸில் தொற்று வரும், கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு. தேதி தள்ளிப்போகக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். ஆக எனக்கு அந்தப் பழைய வண்டிதான் கதி. எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தா, பிள்ளைகளோடு பிரான்சுக்கே போனபோது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஐந்தாவது ஊசிக்குள் ஒழுகல் நின்றாக வேண்டும்.

முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என் வயதுக்காரர், வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அதைவிட நீளம்.

"வீட்டுல பவுடர் டப்பா இருந்தா எடுத்துனு வாங்க சார்" என்றார்.

மனைவியின் டப்பாவை எடுத்துப்போனேன். அவள் முகத்துக்குப் பவுடர் போட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மெக்கானிக் இஞ்சினை டீசல் ஊற்றிக் கழுவித் துடைத்து, மேலெல்லாம் பவுடரைத் தூவி, வண்டியை ஓடவிட்டார். எங்கே ஒழுகுகிறதோ அங்கே வெள்ளை நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். மேல் மூடியின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஊறியது. இடுக்கை அடைக்கும் பேக்கிங்கைப் புதிதாகப் போட்டு முடுக்கினார்.

"முடிஞ்சிது சார். மெட்ராஸ் இன்னா, மதுரைக்கே போங்க."

ஐந்தே நாள். வண்டிக்கடியில் விரித்துவைத்த செய்தித்தாளில் தோசை அகலத்துக்குக் கறை. எனக்குத் தலைக்கேறிவிட்டது. நேரே ஷெட்டுக்குப் போய், "மட்டமான பேக்கிங்கப் போட்டு ஏமாத்தறீங்களா? நான் பிசிக்ஸ் வாத்தியார், எங்கிட்ட வேணாம்" என்று சந்தே கேட்கும்படி கத்தினேன்.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "அவ்ளோ தெரிஞ்சவருக்கு நம்ம ஷெட்டு எதுக்கு சார்? வேற எடம் பாருங்க."

பார்த்தேன். நெல்லித்தோப்பில் ஒருவர் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியைக் கழற்றி அதன் பேக்கிங்கை மாற்றினார். அந்த இடம் நின்றது. இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஒழுக ஆரம்பித்தது. "ஆயில் சீல் போயிடுச்சு. இஞ்சின எறக்கணும், நாலு நாள் ஆவும்" என்றார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஊசி வியாழக்கிழமை.

வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தேன். இரண்டு ஷெட்டிலும் நடந்ததைச் சொன்னேன்.

"முத்தியால்பேட்டைக்கே போவலாம். நானும் வர்றேன்" என்றாள் மனைவி. "நீங்க மட்டும் வாயத் தொறக்காதீங்க."

மெக்கானிக் அவள் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து எடுத்துவந்து நிழலில் போட்டார்.

"அண்ணே, நாளன்னிக்கு எனக்கு மெட்ராஸ்ல ஊசி. இவரு பேசுனத மனசுல வெச்சிக்காதீங்க" என்றாள்.

"நீ ஒக்காரும்மா" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

வண்டியை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து, அதன்மேல் ஒரு காகிதத் துண்டை வைத்தார். காகிதம் பறந்துவந்து என் சட்டையில் அடித்தது.

"ஒரு எடத்த அடச்சா இன்னோரு எடத்துல ஒழுவுது. பேக்கிங்கு மேல தப்பு இல்ல. உள்ள மூச்சு முட்டுது. காத்து வெளிய போற ட்யூப்பு எங்கியோ அடச்சிக்கினு இருக்குது."

வருஷா வருஷம் பிரஷர் குக்கர் படம் போட்டு நான் நடத்துகிற பாடம் அது. வெட்கமாக இருந்தது. அவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தார். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா சார் இது?"

ரப்பர் குழாயில் இறுக்கிச் சுற்றிய கறுப்புக் கயிறு. அதில் சுக்காகக் காய்ந்த ஒரு மிளகாய், ஒரு படிகாரத் துண்டு. சூட்டில் ரப்பர் இளக இளகக் கயிறு உள்ளே கடித்துக்கொண்டு போய், குழாயின் கழுத்தை நெரித்திருந்தது.

"முன்னாடி வெச்சிருந்த சொல்தா கட்டியிருப்பாரு" என்றேன்.

"அவரு கிறிஸ்டின் ஆச்சே சார். கண்ணாடியில ஜெபமாலதான் தொங்கும். அப்பவும் நாந்தான் இந்த வண்டியப் பாத்தேன்."

மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

கிரகணம் வந்தால் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை நிற்கவைத்து முறுக்குத் தின்று காட்டுகிற ஆள் நான். மாமியார் வாசலில் கட்டிய எலுமிச்சம்பழத்தை அறுத்துப் போட்டுவிட்டு, அவரையும் இவளையும் வாரக்கணக்கில் கிண்டல் செய்தவன். அடுத்தவர் வண்டியில் இனி ஏறமாட்டேன் என்று அவள் சொன்ன வாரம், பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு கடையில், மாணவன் எவனாவது பார்க்கிறானா என்று திருடன் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு அந்தக் கயிற்றை வாங்கினேன். அவள் கையில் கட்டினால் சிரிப்பாள். வாசலில் கட்டினால் தெருவே சிரிக்கும். இனி அவளைச் சுமந்துபோகப் போவது வண்டிதானே என்று பானெட்டைத் திறந்து, யார் கண்ணும் படாத மூலையில், கைக்கு அகப்பட்டதில் கட்டினேன். அவிழ்ந்துவிடக் கூடாதே என்று ஏழு சுற்று, மூன்று முடிச்சு. பயந்துபோயிருந்தேன், வேறொன்றுமில்லை.

மெக்கானிக் பிளேடை என்னிடம் நீட்டினார். "நீங்களே அறுங்க சார். வேண்டிக்கினு கட்டுனதுல நான் கை வெக்கமாட்டேன்."

நான் பிளேடை வாங்கவில்லை. இதை அறுத்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நின்றேன். காற்றுக்கு வழி வேண்டும் என்று எல்லாம் தெரிந்துதான் நின்றேன். மனைவி அவர் கையிலிருந்து பிளேடை வாங்கி, இஞ்சின்மேல் சாய்ந்து, இரண்டே இழுப்பில் அறுத்துவிட்டாள்.

புதுக் குழாய் மாட்டினார். இஞ்சினை மறுபடி கழுவிப் பவுடர் தூவி அரைமணி நேரம் ஓடவிட்டோம். திறந்த வாயில் வைத்த காகிதம் வைத்தபடியே கிடந்தது. பவுடர் எங்கேயும் நனையவில்லை, சீல் இருக்கும் இடத்தில்கூட.

"அன்னிக்குக் கத்துனதுக்கு மன்னிச்சிடுங்க" என்றேன்.

"நான் போட்டது கம்பெனி பேக்கிங் சார்" என்றார். அவ்வளவுதான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலையில் அவள் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். கயிற்றைப் பற்றி இரண்டு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. அறுத்த துண்டுகளை என்ன செய்தாள் என்று கேட்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை. மரக்காணம் நெருங்க நெருங்க அந்தக் கருகல் வாடை வருகிறதா என்று முகர்ந்துகொண்டே ஓட்டினேன். ஜன்னல் வழியே உப்பங்காற்றுதான் வந்தது. உப்பளத்தைத் தாண்டினோம்.

"ஏங்க."

"ம்."

"அடுத்த தடவ கட்டணும்னு தோணுச்சுன்னா வண்டியில கட்டாதீங்க. என் கையில கட்டுங்க."

நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிரிக்கமாட்டேன்" என்றாள்.